கஞ்சி போட்ட பருத்தியும் நேர்காணல் அறையும்

நெல் வேளாண்மையையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட சீர்காழி வட்டாரத்தில் பட்டமோ பட்டயமோ பெற்று வெளிவரும் இளைஞர்களில் பலருக்கு, படித்த படிப்புக்கேற்ற வேலை சென்னையிலோ திருச்சியிலோ கோயம்புத்தூரிலோதான் கிடைக்கிறது என்பதால், அவர்கள் வாழ்வில் நேர்காணல் என்பது தவிர்க்க முடியாத ஒரு பயணமாகிவிட்டது. பாடத்துக்கும் பொது அறிவுக்கும் பயிற்சி வகுப்புகள் ஊர்தோறும் வந்துவிட்ட நிலையில், அந்த நாளில் என்ன உடுத்திச் செல்வது என்ற கேள்விக்கு மட்டும் அவர்களுக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட ஆங்கில அறிவுரைகளிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்கின்றன. கடலோர ஈரக்காற்றும் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் அறியாத அந்த அறிவுரைகளைப் பின்பற்றி, குடும்பத்தின் கையிருப்பைக் கரைத்துக் கம்பளிக் கோட்டு வாங்குவோரும் உண்டு. ஆகவே இப்பகுதியின் தட்பவெப்பத்துக்கும் பொருள்நிலைக்கும் பண்பாட்டுக்கும் பொருந்தும் விடையைத் தனியே தேட வேண்டியிருக்கிறது.

எல்லா வேலைக்கும் நேர்காணல் இல்லை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் அரசிதழ்ப் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணலை நீக்கிவிட்டது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 பணிகளுக்கும் நேர்காணல் இல்லை; எழுத்துத் தேர்வுக்குப் பின் சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கிறது. தொகுதி 1 பணிகள், குடிமைப் பணிகள், வங்கி அதிகாரிப் பணிகள் ஆகியவற்றிலும், ஏறத்தாழ எல்லாத் தனியார் நிறுவனங்களிலும் நேர்காணல் தொடர்கிறது. சான்றிதழ் சரிபார்ப்புக்குச் செல்பவர் தூய்மையாக உடுத்திச் சென்றால் போதும், அங்கே உடைக்கு மதிப்பெண் இல்லை; நேர்காணலிலும் உடைக்கென்று தனி மதிப்பெண் எழுதப்படுவதில்லை என்றாலும், அது வேறு மதிப்பெண்களுக்குள் ஓசையின்றிப் புகுந்துவிடுகிறது என்பதை உளவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக எடுத்துக்காட்டி வருகிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், படை அதிகாரிகள் தங்கள் கீழ்ப் பணிபுரிவோரின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே அளித்த மதிப்பீடுகள் ஒன்றோடொன்று இயல்புக்கு மீறி ஒத்துப்போவதைக் கண்டார். ஒரு பண்பு நன்றாகத் தெரிந்தால் மற்றப் பண்புகளும் நன்றாகவே இருக்கும் என்று மனம் கணித்துவிடும் இந்தப் பிழைக்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடோரோவும் 2006 இல் வெளியிட்ட ஆய்வு, அறிமுகமில்லாத ஒருவரின் நம்பகத்தன்மையையும் திறமையையும் பற்றிய முடிவுக்கு வர மனிதருக்கு அவர் முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தால் போதும் என்று காட்டியது. டோடோரோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் பின்னர் உடையைப் பற்றியே நடத்திய சோதனைகளின் முடிவு இன்னும் கவலை தருவது: ஒரே முகத்தைச் சற்றுச் செல்வச் செழிப்புள்ள உடையோடு காட்டியபோது திறமைசாலி என்றும், எளிய உடையோடு காட்டியபோது அவ்வளவு திறமையில்லாதவர் என்றும் பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள், உடையைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்த பிறகும் அந்தச் சாய்வு மறையவில்லை. வறுமையைத் திறமையின்மை என்று படித்துக்கொள்ளும் பிழை கண்ணிலேயே இருக்கிறது என்பதே இதன் பொருள். அப்பிழைக்கு விண்ணப்பதாரர் பொறுப்பல்லர்; ஆயினும் அதன் இழப்பைச் சுமப்பவர் அவரே.

இந்த ஆபத்தைச் சட்டமும் கவனித்திருக்கிறது. அரியானா மாநிலக் குடிமைப் பணித் தேர்வு தொடர்பான வழக்கில் 1985 இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எழுத்துத் தேர்வோடு சேர்த்து நடத்தப்படும் நேர்காணலுக்கு 22.2 சதவீத மதிப்பெண் வைத்தது தன்னிச்சைக்கு இடமளிக்கும் என்று கூறி, பொதுப் பிரிவினருக்கு 12.2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற அளவைச் சுட்டிக்காட்டியது. இன்றைய குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்காணலுக்கு 275 மதிப்பெண் உள்ளது. நூற்றுக்குப் பதின்மூன்று சொச்சம் என்பது சிறிய பங்காகத் தோன்றினாலும், ஒன்றிரண்டு மதிப்பெண்களில் பணியே மாறிவிடும் போட்டியில் அது சிறியதன்று.

காவிரிப் படுகையிலிருந்து வேலை தேடிச் சென்ற ஓர் இளைஞரைத் தோற்றம் கடந்து அறிந்துகொண்ட புகழ்பெற்ற நிகழ்ச்சி இதனுடன் சேர்த்து எண்ணத் தக்கது. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன் 1910 இல், பட்டம் இல்லாமல், கணக்குகள் நிரம்பிய நோட்டுப் புத்தகங்களை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, எழுத்தர் வேலை ஏதேனும் கிடைக்குமா என்று அலுவலர்களைத் தேடி அலைந்தார். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்தவரும் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவருமான வி. இராமசாமி ஐயர், அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, வருவாய்த் துறையின் அடிநிலைப் பணியில் அமர்த்தி இந்த அறிவை வீணாக்க மனமின்றி, அறிமுகக் கடிதங்களோடு அவரைச் சென்னைக்கு அனுப்பினார். அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டு இறுதியில் நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவ் முன் ராமானுஜன் நின்றார். குள்ளமான பருத்த உருவம், மழிக்காத முகம், அவ்வளவாகத் தூய்மையில்லாத தோற்றம், அக்குளில் இடுக்கிய, கிழிந்துபோன ஒரு நோட்டு என்று அந்தச் சந்திப்பைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ராவ், அந்தக் கண்களில் இருந்த ஒளியையும் மறக்காமல் குறிப்பிட்டார். ராவுக்கும் முதலில் ஐயமே இருந்தது. ஆனால் அவர் மீண்டும் மீண்டும் நேரம் கொடுத்துக் கேட்டார், கடைசியில் நம்பினார், தம் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அளித்தார். 1912 மார்ச் 1 அன்று ராமானுஜன் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தரானார்.

இந்த வரலாற்றிலிருந்து உடை முக்கியமில்லை என்று முடிவு செய்வது பிழை. எதிரில் அமர்ந்திருந்தவர் கணிதம் அறிந்தவராகவும் பொறுமையுள்ளவராகவும் இருந்ததோடு, ஒன்றுக்கு மேற்பட்ட முறை சந்திக்க இசைந்தார்; இன்றைய குழுவோ ஒருவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் அதுவே அதிகம். வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் ராமானுஜனின் குடுமி வெட்டப்பட்டது, மேல்நாட்டு உடை அணிவிக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் ஷூ அவர் காலைக் கடித்ததால் அறைக்குள் செருப்போடு இருந்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உடம்புக்குப் பழகாத உடையை ஒரே நாளில் சுமத்திக்கொள்வதன் துன்பம் நேர்காணல் அறையில் உட்காரும் ஒவ்வோர் இளைஞருக்கும் பொருந்துவது.

தமிழ்நாட்டில் பொருத்தமான உடை எது என்பதற்கு மிக எளிய அளவுகோல் அரசிடமே இருக்கிறது. தமிழக அரசு 2019 இல் தன் அலுவலர்களுக்கு வெளியிட்ட ஆணையில், பெண்கள் சேலையோ சல்வார் கமீஸோ துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரோ அணியலாம் என்றும், ஆண்கள் சட்டையும் பேண்ட்டும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியோ பிற இந்திய மரபுடையோ அணியலாம் என்றும், உடை தூய்மையாகவும் அலுவலகத்துக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. பணியில் இருப்பவருக்கு ஏற்றது என்று அரசு கருதும் உடை பணி கேட்டு வருபவருக்கும் ஏற்றதே. கோட்டும் டையும் கட்டாயம் என்ற எண்ணத்துக்கு இந்த ஆணையில் இடமில்லை.

வேட்டியைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2014 ஜூலையில் சென்னையில் கிரிக்கெட் சங்கம் ஒன்றின் கிளப்பில் வேட்டி அணிந்து சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனுக்கு நுழைவு மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து, அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிப்பதைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அது நுழைவு பற்றிய சட்டம். தேர்வுக் குழுவின் மனத்துக்குள் இருக்கும் அளவுகோலை அது திருத்திவிடாது. அரசுப் பணி, ஆசிரியப் பணி, கூட்டுறவு நிறுவனம், கோயில் நிர்வாகம், இதழியல் ஆகியவற்றின் நேர்காணலுக்கு, நாள்தோறும் வேட்டி உடுத்திப் பழகியவர் கரை மெலிந்த வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையும் அணிந்து தயக்கமின்றிச் செல்லலாம். கல்யாண வீட்டில் மட்டும் வேட்டி கட்டுபவர், இடுப்பில் ஒரு கையை வைத்தபடியே விடை சொல்ல நேரிடும் என்பதால், அன்று அதைத் தவிர்ப்பதே நல்லது.

இனித் துணியைப் பற்றி. சீர்காழி கடலுக்கு அருகில் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது, வியர்வை உலர்வதில்லை. துணி இழை காற்றிலிருந்து எவ்வளவு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதை, இழையின் உலர்ந்த எடையில் இத்தனை சதவீதம் என்று நெசவுத் தொழில்நுட்பத்தில் குறிப்பார்கள். பருத்திக்கு இது ஏறத்தாழ 8.5, பாலியெஸ்டருக்கு 0.4. அதாவது பாலியெஸ்டர் இழை வியர்வையை ஏறக்குறைய உள்வாங்குவதே இல்லை. தோலுக்கும் துணிக்கும் இடையில் தேங்கும் வியர்வை வாடையாகவும் நனைந்த கறையாகவும் வெளிப்படுகிறது. தூய பருத்தியோ எளிதில் கசங்கும். இரண்டும் கலந்த டெரிகாட்டன் துணி கசங்காமலும் ஓரளவு காற்றோட்டமாகவும் இருப்பதால், பேருந்தில் நெடுந்தொலைவு செல்பவருக்கு அது நடுவழி. வாங்கும்போது பருத்தியின் பங்கு கூடுதலாக உள்ளதைக் கேட்டு வாங்குவது இப்பகுதிக்கு ஏற்றது.

பருத்தியின் கசங்கலுக்குப் படுகைப் பகுதி வீடுகளில் வழிவழியாக வந்த மருந்து வடிகஞ்சி. சோறு வடித்த கஞ்சியில் உள்ள மாச்சத்து இழைகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, உலர்ந்தபின் துணியை விறைப்பாக்குகிறது. இஸ்திரியின் வெப்பமும் அழுத்தமும் அந்தப் பூச்சைச் சமன்படுத்த, மடிப்பு நெடுநேரம் நிற்கிறது. கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் தாராளமாகக் கலந்து, துணியை முக்கிப் பிழிந்து, உட்புறம் வெளியே தெரியும்படி உலர்த்த வேண்டும். கெட்டியான கஞ்சி கருநீலம், கறுப்புத் துணிகளில் வெண்திட்டுகளாகத் தெரியும். இஸ்திரிக்கு முன் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து, ஈரம் சீராகப் பரவிய பின் தேய்த்தால் சுருக்கம் முழுவதும் போகும். அடைமழைக் காலத்தில் மட்டும் கஞ்சியைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் சரியாக உலராத கஞ்சித் துணி புளித்த வாடை வீசும். கையில் காசு குறைந்த வீட்டிலிருந்தும் விலையுயர்ந்த சட்டைக்கு நிகரான மிடுக்கோடு ஒருவரை அனுப்பும் ஆற்றல் இந்த அடுப்படிப் பொருளுக்கு உண்டு என்பதைப் பெருமையோடு சொல்லலாம்.

விலையைவிட அளவே கண்ணில் படுவது. சட்டையின் தோள் தையல் தோள் எலும்பின் முனையில் அமர வேண்டும். முழுக்கை மணிக்கட்டு வரை வர வேண்டும். கழுத்துப் பொத்தானைப் போட்டபின் ஒரு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும். அண்ணனிடமோ நண்பரிடமோ இரவல் வாங்கிய சட்டை தரத்தில் உயர்ந்ததாக இருந்தாலும் தோளில் தொங்கினால் இரவல் என்பது தெரிந்துவிடும். இடுப்பு, கை நீளம், பேண்ட்டின் உயரம் ஆகியவற்றை உள்ளூர்த் தையற்காரர் சிறு தொகைக்குச் சரிசெய்து கொடுத்துவிடுவார். தோளைத் திருத்துவது கடினம் என்பதால் வாங்கும்போதே தோளைப் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளை, வெளிர்நீலம், இளஞ்சாம்பல் நிறச் சட்டையும் கருநீல அல்லது அடர்சாம்பல் பேண்ட்டும் எங்கும் பொருந்தும். தோலால் ஆன பழைய ஷூவே இருந்தாலும் பாலீஷ் போட்டிருந்தால் குறையில்லை. புது ஷூ வாங்குபவர் ஒரு வாரம் முன்பே அணிந்து நடந்து பழக வேண்டும்.

பெண்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் சேலையே மரியாதை என்ற வற்புறுத்தல் இன்னும் கேட்கிறது. அரசின் ஆணையே சுடிதாரைச் சமமாக ஏற்றுக்கொண்டபின் அந்த வற்புறுத்தலுக்கு அடிப்படை இல்லை. சேலை உடுத்திப் பழகியவர்களுக்குக் கைத்தறிப் பருத்திச் சேலையைப் போல நிமிர்வு தரும் உடை வேறில்லை; 1935 இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸின் கடைகளில் சிறு கரையுள்ள பருத்திச் சேலைகள் கிடைக்கின்றன. திருபுவனத்துச் சரிகைப் பட்டும் கூறைநாட்டுப் புடவையும் இப்பகுதியின் செல்வங்கள்தான், ஆனால் அவை மணமேடைக்கு உரியவை. கொசுவத்தையும் முந்தானையையும் ஊக்கு குத்தி நிறுத்திவிட்டு, உட்கார்ந்தும் படியேறியும் பார்த்து, கை முழு விடுதலையோடு இருக்கிறதா என்று முதல் நாளே சோதித்துக்கொள்ள வேண்டும். தலையில் ஒரு சிறு துண்டு மல்லிகை வைப்பதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. குளிரூட்டப்பட்ட மூடிய அறையில் மணம் கனமாகத் தேங்கும் என்பதால் அளவு குறைவாக இருப்பது நலம். வளையல் ஒலி விடையைக் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நெற்றியின் திருநீறும் குங்குமமும், தலையில் அணியும் ஹிஜாபும், கழுத்தில் தொங்கும் சிலுவையும் ஒருவருடைய நம்பிக்கைக்கு உரியவை. அரசுப் பணியில் மதம், சாதி, பாலினம் முதலியவற்றின் பேரில் வேறுபாடு காட்டுவதை அரசியலமைப்பின் 16 ஆம் பிரிவு தடுக்கிறது. பாலின அடையாளத்துக்கேற்ப உடுத்துவது கருத்து வெளிப்பாட்டு உரிமையின் ஒரு பகுதி என்று 2014 இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், திருநங்கையரும் திருநம்பியரும் தங்கள் உடையோடு தலைநிமிர்ந்து செல்லலாம். இவற்றோடு சேர்க்கக் கூடாத ஒன்று சாதியைக் காட்டும் நிறக் கயிறு. நீதிபதி கே. சந்துரு குழு 2024 இல் அளித்த அறிக்கையில் பள்ளி மாணவர்கள் இத்தகைய கயிறுகளை அணிவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது. அதைக் கையில் கட்டிக்கொண்டு பொதுப்பணி கேட்டு வருபவர், எல்லாரையும் சமமாக நடத்துவேன் என்று வாயால் சொல்வதைக் கையால் மறுக்கிறார். நேர்காணலுக்காக மட்டும் கழற்றாமல் அதை முழுவதுமாகக் கைவிடுவதே தகும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பயணமே பெரிய சோதனை. 2022 நவம்பர் 11 அன்று பதிவான கணக்கின்படி சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது, அத்தகைய நாளில் வீட்டிலிருந்து உடுத்திய உடையோடு நேர்காணல் அறையை அடைய முடியாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செல்பவர் இஸ்திரி போட்ட உடையைச் செய்தித்தாளில் மடித்து, நெகிழி உறையில் வைத்து, சான்றிதழ்களை வேறோர் உறையில் எடுத்துக்கொண்டு, சாதாரண உடையிலும் ரப்பர்ச் செருப்பிலும் பயணம் செய்து, ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையிலோ உறவினர் வீட்டிலோ மாற்றிக்கொள்வது நல்லது. இரவு வண்டியில் சென்னை சென்று விடியற்காலையில் இறங்குபவருக்கு எந்தப் பருவத்திலும் இதுவே ஏற்ற முறை.

காணொளி வழி நேர்காணலில் வேறொரு நுட்பம் உண்டு: நெருக்கமான கட்டமும் மெல்லிய கோடும் உள்ள துணி, கேமராவின் புள்ளிகளோடு மோதித் திரையில் அலையலையாக நெளிந்து தெரியும் என்பதால் ஒரே நிறத் துணியே ஏற்றது; முகம் சன்னலை நோக்கியிருக்க வேண்டும். தொழிற்சாலையின் இயந்திரப் பிரிவுக்குச் செல்பவர் தொங்கும் துணியையும் அணிகலனையும் தவிர்த்து, மூடிய காலணியோடு செல்வது அந்த வேலையை அவர் அறிந்திருப்பதைக் காட்டும். செவிலியர் பணிக்கு வெட்டிய நகமும் கட்டிய முடியும் எந்த உடையையும்விட உரக்கப் பேசும்.

வளாகத் தேர்வுக்கு வரும் மாணவர்கள் அனைவரும் கோட்டும் டையும் அணிய வேண்டும் என்று கல்லூரிகள் சில கட்டாயமாக்குவது மட்டும் ஏற்க முடியாதது. கூலி வேலையிலும் குத்தகை நிலத்திலும் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு பருவக் கட்டணத்தோடு சேரும் இன்னொரு கடன். அன்று ஒருநாள் அணிந்தபின் பெட்டியில் கிடப்பது. மே மாத வெயிலில் வியர்க்க வைத்து அவர் பேச்சையே தடுமாறச் செய்வது. காவிரிப் படுகையின் கல்லூரிகள் இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டு, தூய்மையான பருத்திச் சட்டையும் சுடிதாரும் சேலையும் வேட்டியும் போதும் என்று எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தேர்வுக் குழுவில் அமர்பவர்கள், விண்ணப்பதாரர் உள்ளே நுழைந்ததும் மனத்தில் எழும் முதல் மதிப்பெண்ணைத் தாளில் எழுதாமல், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, விடைகளைக் கேட்ட பின்னரே மதிப்பிட வேண்டும்.